யாரும் பேசாத பெஞ்ச்

டெல்பர்ட் ரூப்ரெக்ட், சுருக்கமாக டெல், வாயை மூடி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பால் லாரி ஓட்டுவது பிழைப்பு. பண்ணைக்குப் பண்ணை பாலை ஏற்றிக்கொண்டு, ஊர்க்கதையை இறக்கிவிட்டு வருவான். ஞாயிற்றுக்கிழமையில் ஊர் பேஸ்பால் அணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர். அங்கேயும் மட்டை பிடித்து நிற்பவனின் பின்னால் குந்திக்கொண்டு, "உன் பொண்டாட்டி வேலியோரம் நின்னு யாரைப் பாக்குறா?" என்று எதையாவது நோண்டி, அவன் பந்தைக் கோட்டை விடும்வரை ஓயமாட்டான்.

பந்து வீசும் பிட்ச்சர் லியோன், டெல்லின் மனைவி மார்லிஸுக்குத் தம்பி. இடதுகைக்காரன்; கையுறை வலது கையில். சாதாரண நாளில் டெல் அவன் காதையும் புண்ணாக்கிவிடுவான்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு மட்டும் பேசவில்லை. மொத்தம் ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் முடிந்தும் லியோனின் பந்தை அடித்து ஒருவன்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. கடைசிவரை இப்படியே போனால் ஒரு பிட்ச்சருக்கு அது வாழ்நாள் பெருமை. எங்கள் அணியில் அதுவரை எவனும் செய்ததில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவனோடு யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது. பேசினால் போச்சு, அடுத்த பந்திலேயே அடி விழும். இது நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

ஏழாவது இன்னிங்ஸில் டெல் திருப்பி எறிந்த பந்தை லியோன் இரண்டு முறை கையுறையிலிருந்து நழுவவிட்டான். பயத்தில் உதறுகிறான் என்று டெல் நினைத்தான். பெஞ்சுக்கு வந்த லியோன் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, வலது கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மச்சான், கொஞ்சம் இங்க வாயேன்."

டெல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓர் இளிப்பு இளித்துவிட்டுத் தண்ணீர் டிரம் பக்கம் நகர்ந்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எவனாவது அவன்கிட்ட வாயைத் தொறந்தீங்க, தொலைச்சிருவேன்" என்று மேனேஜர் ஆம்புரோஸ் பல்லைக் கடித்தார்.

எட்டாவது முடிந்து வந்தபோது லியோனுக்கு நாக்குத் தடித்திருந்தது. "மச்சா... கை... இந்தக் கை..."

டெல் எழுந்து பெஞ்சின் மறுகோடிக்கே போய்விட்டான். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போனான், பாவி.

ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன் அவுட்டானால் முடிந்தது. வேலியோரம் பியரோடு நின்ற கூட்டத்தில் சத்தமே இல்லை. லியோன் கையை ஓங்கி வலது காலை முன்னால் வைத்தான். கால் மடிந்தது. பந்து பாதி வழியில் புல்லில் உருண்டு நின்றது.

டெல் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். லியோனின் வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மாப்ள! டேய், என்னைப் பாருடா! ஏதாவது பேசுடா!"

லியோன் பார்த்தான். பேச முடியவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா?"

"ஏழாவது இன்னிங்ஸ்ல" என்றான் டெல்.

"அவ்வளவு நேரமாவா? அவர் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியா?"

"என்னைக் கூப்பிட்டான்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

மார்லிஸ் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

லியோன் பிழைத்தான். பேச்சு திரும்பவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் டெல் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து பெஞ்சோரம் நிறுத்துகிறான்.

போன கோடையில் புது பிட்ச்சர் கார்லுக்கு அதே யோகம் அடித்தது. ஏழு இன்னிங்ஸ், ஓர் அடி விழவில்லை. எல்லோரும் அவனை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். டெல் நேராகப் போய் அவன் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தான்.

"இன்னும் ஒருத்தனும் உன்னை அடிக்கல, தெரியுமா? அது கிடக்கட்டும். கை எப்படி இருக்கு?"

பெஞ்சே விறைத்துப்போனது. அடுத்த இன்னிங்ஸில் முதல் பந்திலேயே அடி விழுந்தது. கார்ல் திரும்பிவந்து டெல்லின் அம்மாவரைக்கும் இழுத்துத் திட்டினான்.

டெல் அவன் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திட்டுடா. இன்னொரு தடவை திட்டு. நாக்கு தடிக்கலியே?"