இரவல் வாங்கிய ஐந்து நிருபர்கள்

முப்பது வருஷம் தமிழ்ச் செய்தி அறையில் துணையாசிரியராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு கிளமெண்டி பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் இதழியல் வகுப்பு எடுக்கப் போனேன். முதல் நாள் கதவைத் திறந்தால் பதினெட்டுப் பெண்கள், நடுவில் தினேஷ் என்று ஒரே ஒரு பையன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆண்கள் நிறைந்த செய்தி அறையில் நான் ஒருத்திதான் பெண்; அங்கே நான்தான் தினேஷ்.

“மத்த பசங்கல்லாம் லேட்டா?” என்று கேட்டேன்.

“இவ்ளோதான் டீச்சர். ஆனா டாய்லெட்ல எனக்கு மட்டும் கியூவே கிடையாது,” என்றான் தினேஷ்.

போட்டோ எடுத்த நாள்

மூன்றாவது வாரம், கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டுக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். துறைத் தலைவர் ஞானசேகரன் வகுப்பை எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“என்னங்க இது, லேடீஸ் காலேஜ் மாதிரி இருக்கு? இதப் பாத்தா எந்தப் பையன் வந்து சேருவான்?”

யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் எஞ்சினியரிங் பிரிவிலிருந்து ஐந்து பையன்கள் வந்தார்கள். ஆளுக்கொரு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் என்று பேச்சு. போட்டோகிராபர் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். பெண்கள் பின்னால் போனார்கள். ஒருவன் கையில் மைக். இன்னொருவனுக்கு கேமரா வேண்டுமாம்.

“யாழினி, உன் கேமராவ அந்தத் தம்பிகிட்ட குடும்மா.”

சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சீக்கிரம் முடிந்தால் பாடத்தை ஆரம்பிக்கலாமே என்ற அவசரம். யாழினி கொடுத்தாள். அவன் லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே குறி பார்த்துச் சிரித்தான். யாழினி அந்த மூடியையே பார்த்தாள். பிறகு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நாலாவது பத்தி

அந்த வாரப் பயிற்சி, நேரில் பார்த்த ஒன்றைச் செய்தியாக எழுதுவது. நல்லதை மாணவர் செய்தித் தளத்தில் போடுவோம். சிராங்கூன் ரோட்டுக் கூட்ட நெரிசலைப் பற்றி ஏழு பேர் எழுதினார்கள். யாழினியின் தலைப்பு: ‘ஐந்து நிருபர்கள், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்’.

ஐந்து பேரையும் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்திருந்தாள். “சாப்பாடு தர்றேன்னாங்க லா, அதான் வந்தேன்,” என்றிருந்தான் ஒருவன். ஹரி என்பவன் சொன்னதுதான் என்னை நிறுத்தியது: “எனக்கு எழுதப் புடிக்கும். வீட்டுல அதெல்லாம் பொம்பளப் புள்ளைங்க படிக்கிற கோர்ஸ்னு சொல்லிட்டாங்க.”

பிரமாதம் என்று படித்துக்கொண்டே வந்தேன், நாலாவது பத்தி வரை. ‘கேமராவைக் கொடுக்கச் சொன்னவர் வகுப்பு ஆசிரியை.’

பேனாவை எடுத்தேன். “இந்த வரி வேணுமா யாழினி? நீளம் ஜாஸ்தியா இருக்கே.”

“அஞ்சு வார்த்தைதான் டீச்சர்.”

“செய்திக்கு அது முக்கியமில்லையே?”

“ஃபேக்ட் தப்பா டீச்சர்?”

எத்தனை நிருபர்களை நான் இந்தக் கேள்வியால் மடக்கியிருப்பேன்! காது சூடாகிவிட்டது. பேனாவை மூடினேன். அந்த வரியும் அப்படியே வெளியானது.

துறைத் தலைவர் அறையில்

காலையில் வெளியான செய்தி மதியத்துக்குள் கேன்டீன் முழுக்கச் சுற்றிவிட்டது. ஞானசேகரன் கூப்பிட்டனுப்பினார்.

“அத உடனே எடுத்துடுங்க. இல்லன்னா அடுத்த செமஸ்டர் உங்க கான்ட்ராக்ட் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்.”

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. “எதாச்சும் தப்பா எழுதியிருக்காளா சார்?”

“தப்பில்ல. மானம் போகுதே!”

“என் மானமும்தான் போகுது. நாலாவது பத்தி படிங்க.”

படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “நீங்களுமா?” என்றார்.

“உங்க பதில் கேட்டு அவ ரெண்டு ஈமெயில் அனுப்பியிருக்கா. இப்போ வெளியதான் நிக்கிறா. கூப்பிடட்டுமா?”

யாழினி உள்ளே வந்து போனில் ரிக்கார்டரை ஆன் செய்தாள். “சார், பசங்க ஏன் இங்க சேர மாட்டேங்கிறாங்கன்னு அவங்ககிட்ட யாராச்சும் கேட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“இந்தத் துறையில படிக்கிறது முக்கால்வாசி பொண்ணுங்க நாங்க. ஆனா இங்க பாடம் நடத்துறவங்க, டீச்சரத் தவிர எல்லாரும் ஆம்பளைங்க. அது ஏன் சார்?”

ஞானசேகரன் எழுந்து ஏர்கான் குளிரைக் கூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். “எழுதிக்கோம்மா. பசங்க ஏன் வரலன்னும் தெரியல, இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.”

என் சர்வீஸில் ஒரு தலைவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை.

செய்தியை எடுக்கவில்லை. அவர் பதிலும் அதன் அடியில் சேர்ந்தது. கையேட்டுக்கு மறுபடி படம் எடுத்தார்கள், வகுப்பில் இருக்கிற பத்தொன்பது பேரை மட்டும் வைத்து. எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் கொடுத்தார்கள். ஹரி எஞ்சினியரிங்கில் இருந்துகொண்டே என் வகுப்பைக் கூடுதல் பாடமாக எடுத்துக்கொண்டான். அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரு செய்தியில் ஏதாவது ஒரு வரி மட்டும் அநாவசியமாக நீளம் என்று தோன்றினால், வெட்டுவதற்கு முன், அதில் இருப்பது நீங்களா என்று பாருங்கள்.