மொத வாய் எது?

எழுபதுகளின் கடைசியில் நான் புனேயில் கணிதம் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு கிர்க்கிப் பகுதி வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா ராணுவக் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் இந்தியிலும் மராத்தியிலும் புழங்கியும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். அவர் வயிற்றில் கட்டி இருந்தது. அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது, ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறட்டும் என்றார் டாக்டர்.

சாப்பிட வைப்பதுதானே, என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அட கடவுளே!

ஒரு இட்லியை நீட்டினால், "பாதி குடு, தின்னுதேன்" என்பார். பாதியைப் பிட்டு நீட்டினால், "இதுல பாதி." அதையும் பிட்டால், "இன்னும் பாதியாக்கு." வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எரிச்சல். சொன்னாலாவது சண்டை பிடித்திருப்பேன். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் நெய் விட்டுக் குழைத்துக் கொடுத்த பருப்புச் சோற்றுக்கும் இதே கதிதான். கடைசியில் புளியங்கொட்டை அளவு உள்ளே போகும். மிச்சத்தையெல்லாம் நான் தின்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வகுப்பில் படித்த, பாதி பாதியாக நடந்து ஊர் போய்ச் சேரும் புதிரை இட்லிக்கு மாற்றி அவரிடம் எடுத்துவிட்டேன்.

"முழு இட்லி தின்னணும்னா மொதல்ல பாதி தின்னணும். அதுக்கு முன்னால கால், அதுக்கு முன்னால அரைக்கால். இப்படியே போனா துண்டுக்கு முடிவே இல்லப்பா. ஆனா துண்டு பாதியாகப் பாதியாக நேரமும் பாதியாகும். அத்தனையையும் கூட்டினா அஞ்சே நிமிஷம். தாராளமா முடிச்சிரலாம்."

அப்பாவுக்குக் கணக்கென்றால் உயிர். முகம் மலர்ந்துவிட்டது.

"சரி, அதுல மொத வாய் எதுட்டி?"

"அப்படி ஒண்ணு கிடையாதுப்பா. எதை எடுத்தாலும் அதுக்கு முன்னால அதுல பாதி இருக்கும்."

"மொத வாயே இல்லாதத எங்கன ஆரம்பிக்க?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தட்டை ணங்கென்று கீழே வைத்தேன். நடந்தால் ஊர் போய்ச் சேருகிறோம், தின்றால் இட்லி தீருகிறது, இதைக் கரும்பலகையில் நிரூபிக்க என்னால் முடியும். அவர் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்த்தார்கள், முன்னைவிட இறங்கியிருந்தது. "பொண்ணுதான் நல்லா தேறியிருக்கா" என்று நர்ஸ் மராத்தியில் கேலி செய்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், அவர் கேட்டதைக் கொடுங்கள் என்றார்.

ரிக்‌ஷாவில் அப்பா என் தோளில் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இனிமே ஊட்ட மாட்டியேட்டி?"

"மாட்டேம்ப்பா" என்றேன்.