சப்போரோவுக்குப் போகிறவளும் ஜவ்வாது மலைக்குப் போகிறவளும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, அடுப்படியில் பாத்திரம்தான் பேசும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஏப்ரல் மாதம் பூராவும் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மே மாத லீவுக்கு இந்த வருஷம் ஊட்டி என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். அவருடைய தொழில் கூட்டாளியின் குடும்பம், நாங்கள், என் மாமியார், எல்லோரும் ஒரே பங்களாவில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஊட்டிக்கு எழுதிப் போட்டாச்சு" என்றார்.

ஊட்டி என்றால் சந்தோஷப்படாமல் இவளுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஆறு வருஷமாக, மே மாதத்தில் எட்டு நாள் நானும் அவரும் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் ஜவ்வாது மலைக்குப் போவோம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு குடியானவர் வீட்டில் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துத் தருவார்கள். மாமி கீழே வாணியம்பாடியில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்வார். அந்த எட்டு நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

எங்கள் ஊரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏலகிரிக்குத்தான் போவார்கள். பக்கத்திலேயே இருக்கிற மலையை விட்டுவிட்டு நாங்கள் ஏன் அவ்வளவு தூரம் போகிறோம் என்று சொந்தக்காரப் பெண்கள் என்னைப் பிடுங்கி எடுப்பார்கள். "அங்க தேன் நல்லா கெடைக்கும், கொசு இல்ல, பிள்ளைங்களுக்கு சளி வர்றதில்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும்தான்.

அந்த ஏப்ரலில்தான் தைவானிலிருந்து ஒரு ஷூ கம்பெனி முதலாளி தோல் பார்க்க வந்தார். கூடவே அவருடைய மனைவியும் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, சின்னக் கண்கள், எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவார். வாணியம்பாடி வெயிலில் இரண்டாம் நாளே அந்த அம்மாள் துவண்டுபோனார். "ஞாயித்துக்கெழம மலைக்கு இட்டுனு போலாம். நீயும் வா, அந்தம்மாவுக்குத் தொணையா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் அவருக்கு வரும், ஆனால் வீட்டில் கான்வென்ட் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு நாள் போனால் போகட்டும், ஒரு நாளாவது கிடைத்ததே. விடிவதற்குள் எழுந்து, வெளிநாட்டுக்காரர்கள் மாட்டுக்கறிதான் விரும்புவார்கள் என்று ஒரு தேக்சா நிறைய மாட்டுக்கறி பிரியாணி செய்து அம்பாசடர் டிக்கியில் ஏற்றினேன். ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னலை இறக்கி முகத்தைக் காற்றில் நீட்டினேன். ஊருக்குள் நான் போவது திரை கட்டிய ஜட்கா வண்டியில். அதனால் அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வரும். என்னைப் பார்த்து அந்த அம்மாளும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

எங்கள் வழக்கமான வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அந்த வீட்டுக்காரப் பெண் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னா பாயம்மா, இந்த வருசம் முன்னாலியே வந்துட்டீங்க?" என்றாள். இந்த ஒரு நாள்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மத்தியானம் தேக்சாவைத் திறந்தேன். என்ன கறி என்று அந்த அம்மாள் கேட்டார், சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கள் வீட்டில் உழுத மாடு எங்களுக்குச் சோறு போட்டது. அதை நாங்கள் சாப்பிடுவதில்லை" என்றார் அந்த அம்மாள் தயக்கத்தோடு. மாட்டுத் தோலில் செருப்பு தைத்து ஊர் உலகத்துக்கே விற்கிறவர்கள். என் மூஞ்சியில் அது எழுதியிருந்ததோ என்னவோ, அந்த அம்மாளே "செருப்பைச் சாப்பிடுவதில்லையே" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கோ மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

"சாமைச் சோறு கீது. கொள்ளுக் கொழம்பு கீது. துன்னுவாங்களா?" என்று கேட்டாள் வீட்டுக்காரப் பெண். நான் நேராக அவள் அடுப்படிக்குள் போனேன். எந்தப் பானையில் எது இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. தட்டெடுத்துப் போட்டு, வெங்காயம் உரித்து, அவளோடு எதற்கோ கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டே பரிமாறினேன். இரண்டு பேரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏப்பம் விட்டுவிட்டு ஆண்கள் சந்தைப் பக்கம் நடந்தார்கள்.

பலாமரத்து அடியில் பாய் விரித்து நானும் அந்த அம்மாளும் உட்கார்ந்தோம். "நீங்கள் ஏன் எப்போதும் இந்த மலைக்கே வருகிறீர்கள்?" என்று கேட்டார். தேன், கொசு, சளி என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"எங்கள் ஊரில் எங்களையும் இப்படித்தான் கேட்பார்கள். உல்லாசப் பயணமாக வெளிநாடு போக எங்களை விட்டதே நாலைந்து வருஷமாகத்தான். விட்டதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் நாங்கள் ஜப்பானில் சப்போரோவுக்குத்தான் போகிறோம்" என்றார்.

"அப்படி என்ன இருக்கிறது அங்கே?"

அவருக்கு வேகம் வந்துவிட்டது. பனி, என்றார். தைவானில் தெருவில் பனி விழாதாம். அங்கே இடுப்பளவு கிடக்குமாம். ஐம்பது வயதில் அதில் விழுந்து புரண்டாராம். அவருடைய சின்ன வயதில் தைவானை ஜப்பான்தான் ஆண்டதாம், அவர் படித்ததெல்லாம் ஜப்பான்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில். அதனால் பாஷை தெரியும், கடைக்காரப் பெண்களோடு பேரம் பேசலாம், வம்பளக்கலாம். கடைப்பலகையில் பாதி எழுத்து சீன எழுத்துதான், வழி தவறினாலும் பயமில்லை. தெரு சுத்தம். வெண்ணெய் போட்ட நூடுல்ஸ் சூப், நண்டு, வெந்நீர் ஊற்று. விமானம் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும் தூரம். "வெளிநாடு மாதிரியும் இருக்கும், திக்குத் தெரியாமலும் போகாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜப்பானுக்குப் போவது இதற்குத்தான்" என்றார். கேட்கக் கேட்க எனக்கே அந்தப் பனியில் போய் விழ வேண்டும் போலிருந்தது.

அப்புறம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் நான் அக்கம்பக்கத்தில் சொல்கிற காரணம். முப்பது வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து என் மாமனாருக்குத் தேநீர் வைக்கிறேன். நல்ல மனிதர்தான். ஆனால் சப்போரோவில் நான் யாருக்கும் மருமகள் இல்லை. அங்கே என் கணவர் எனக்குத் தேநீர் போட்டுத் தருவார்" என்றார்.

ஆறு வருஷம் நான் உள்ளே பூட்டி வைத்திருந்ததைக் கடல் தாண்டி வந்த ஒருத்தி எடுத்துப் பாயில் வைத்துவிட்டாளே. இந்த மலையில் நான் எழுந்ததுதான் விடியல். என் வீட்டுக்காரர் பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார், பிள்ளைகளுக்குத் தலை சீவுவார். வீட்டிலோ உப்பு கொண்டா, சட்டை எங்கே, இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே கிடையாது. ஏலகிரிக்குப் போனால் மொத்த வாணியம்பாடியும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஊட்டியில் மாமியும் கூட்டாளி சம்சாரமும் இருப்பார்கள், நான் மறுபடியும் மருமகள்தான். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை உன் கணவரிடம் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் காரை ஓட்டினார், பக்கத்தில் தைவான்காரர். பின்சீட்டில் நாங்கள் சப்போரோவைப் பற்றிப் பேசியது காதில் விழுந்து இவர் அவரைக் கேட்டார்: "வருஷா வருஷம் ஒரே ஊருக்குப் போறீங்களாமே, அங்கே வியாபாரம் எதுவும் இருக்கா?"

"வியாபாரம் இல்லை" என்றார் அவர். "அங்கே போனால் என் மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அங்கேயே அடுத்த வருஷத்துக்கு அறை சொல்லிவிடுவேன்." அப்புறம், "இன்று சாப்பிடும்போது உங்கள் மனைவியும் அப்படித்தான் சிரித்தார். கீழே உங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை" என்றார்.

கண்ணாடியில் இவர் கண் என்னைத் தேடியது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கேட்டார். "ஊட்டி வேணாமா ஒனக்கு?"

"வேணாங்க. எனக்கு நம்ம மலைதான் வேணும். அங்கதான் நீங்க எங்கூட பேசுறீங்க."

"முன்னாலியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேட்டீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்து மோவாயைத் தடவினார். கூட்டாளியை அவர் சமாளித்துவிடுவார், அது எனக்குத் தெரியும். "அம்மா கிட்ட இன்னான்னு சொல்றது? அவங்க ஊட்டிக்கு ஆசையா இருப்பாங்களே" என்றார். மாமி மனம் கோணினால் அவர் பின்வாங்கிவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும். அவர் கூடத்துக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாமி கேட்டார்: "ஊட்டி வேணும்னு யார்ரா ஒன்ன கேட்டா?"

"இல்லம்மா, ஒனக்கு ஒரு மாறுதலா..."

"வருசம் பூரா இந்த வூட்டுல யாருக்கு இன்னா வேணும்னு பாத்துட்டே கெடக்குறேன். நீங்க மலைக்குப் போற எட்டு நாளு தாண்டா எனக்கு லீவு. நெனச்சப்போ எழுந்துப்பேன். அடுப்பே பத்த வெக்கமாட்டேன், பன்னும் டீயும்தான். மத்தியானம் கால நீட்டி ரேடியோ கேப்பேன். அதையும் கெடுக்கப் பாத்தியே. இவளாவது வேணாம்னு சொல்லுவான்னு பாத்தா, இவளும் வாயத் தொறக்கல."

ஆறு வருஷமாக நான்தான் மாமியிடமிருந்து தப்பித்து ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதோடு அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. கதவை விட்டு வெளியே வந்து, "மாமி, இந்த வருசம் பத்து நாளா போய்ட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

"பதினஞ்சா போயேன்" என்றார்.