சிரஞ்சீவியின் ஜாதகம்

என் மனைவிக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை நான் இல்லை. அவன் ஒரு திருடன். பரம ஏழை. பார்க்கவும் சகிக்காது. ஆனாலும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார் ஜோசியர். அவனைப் படைத்தவன் நானே என்பதால், அவனைப் பற்றிக் குறைசொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எண்பதுகளின் தொடக்கம். கம்பம் ஊர் மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் கடைவீதி அச்சகத்தின் பின்னறைக்குப் போய்விடுவேன். அச்சகக்காரர் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் அங்கே உட்கார்ந்திருப்பார். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி விடுதி ஒன்றில் அவருடைய சகலை வேலை பார்த்தார். ஊருக்குப் போன பையன்கள் விட்டுச்சென்ற சாமான்களோடு இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் இவரிடம் வந்து சேர்ந்தன.

ஒன்றில் ஒரு விளையாட்டின் விதிகள் இருந்தன. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் புகுந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலிக்கிறதா, ஆள் பிழைக்கிறானா என்பதைக் காய் உருட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு புத்தகம் அந்தக் கதை நடக்கிற உலகத்தைப் பற்றியது. மலை, ஆறு, ராஜ்யம், எந்தக் காட்டில் எந்தப் பூதம் என்றெல்லாம் போட்டிருந்தது. அதன் முதல் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அது வடதிசையைப் பற்றிய பாதி. ஆகவே எங்கள் உலகத்தில் வடக்கு கிடையாது.

ஆட்டத்துக்கு மூன்றாவது ஆள், ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி ஒருவர். அவரை வைத்துக்கொண்டு ஒரு பூதத்தையும் கொல்ல முடியாது. குகைக்குள் புதையல் இருக்கிறது, பூதம் காவல் காக்கிறது என்று அச்சகக்காரர் உருக்கமாகக் கதை சொல்லிக்கொண்டு வருவார்.

"குகை யாரு பட்டாவுல இருக்கு?" என்பார் முதலாளி.

"அதெல்லாம் புஸ்தகத்துல இல்லை முதலாளி. வெட்டுறீகளா, ஓடுறீகளா? அதைச் சொல்லுங்க."

"பொறுங்கண்ணே. பூதத்துக்குச் சம்பளம் யாரு குடுக்குறாக? அவுகளைப் பார்த்துப் பேசுவோம். வெட்டுக்குத்து எதுக்கு?"

புத்தகத்தில் எல்லாக் கதையும் சாராயக்கடையில்தான் தொடங்கும். அச்சகக்காரர் சர்ச்சில் பொறுப்பில் இருந்தவர். அதனால் எங்கள் வீரர்கள் காபிக்கடையில் கூடித்தான் சபதம் எடுத்தார்கள். புத்தகம் கேட்ட இருபது முகக் காய்க்கு நாங்கள் எங்கே போவது? பித்தளைத் தாயக்கட்டைதான். பன்னிரண்டு விழுந்தால் முழு வெற்றி, தாயம் விழுந்தால் சர்வநாசம் என்று விதி செய்துகொண்டோம். தாயம் விழுந்தால் கைதட்டிப் பழகிய முதலாளி தன் அழிவுக்கெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பாத்திரத்தின் குணநலன்களை எழுத ஒரு தாள் வேண்டும். அச்சகத்தில் யாரோ அச்சடிக்கச் சொல்லி வாங்காமல் விட்ட ஜாதகப் பாரம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பன்னிரண்டு கட்டம், தாயக்கட்டைக்கும் பன்னிரண்டு. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? புத்தி எட்டு என்றால் எட்டாம் கட்டத்தில் 'பு' என்று எழுதுவோம். சூழ்ச்சி பதினொன்று என்றால் பதினோராம் கட்டத்தில் 'சூ'. செல்வத்துக்கு 'செ', சண்டைக்கு 'ச', லட்சணத்துக்கு 'ல'. தாளுக்கு ஜாதகம் என்றே பேர் வைத்தோம். அதில் பெயர் எழுதும் இடத்தில் 'சிரஞ்சீவி' என்று மட்டும் அச்சாகியிருந்தது. மேலே எழுதச் சோம்பல்பட்டு என் திருடனை நான் சிரஞ்சீவி என்றே கூப்பிட்டேன். நட்சத்திரம் மகம். மகம் ஜகத்தை ஆளும் என்பார்களே.

ஜகத்தை ஆள்வது இருக்கட்டும், எனக்கு ஒரு பெண் அமையவில்லை. என் நிஜ ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் இருந்தது. பார்த்த இடமெல்லாம் அதைச் சொல்லியே கைகழுவினார்கள். நானும் பெரிதாகக் கவலைப்படாமல்தான் இருந்தேன், கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மகள் எங்கள் ஆபீசுக்கு வரும்வரை. வீட்டு மீட்டர் பழுதாகி நின்றுபோன மாதத்துக்கும் பில் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"மீட்டர் ஓடலைன்னு நீங்கதான் எழுதியிருக்கீக. பில்லு மட்டும் எப்படி ஓடுச்சு?"

பில்லைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு விழுந்தவன்தான். வீட்டில் ஆத்தாவிடம் சொன்னேன். கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்றும் சொன்னேன்.

ஆத்தா அரைகுறையாக எழுத்துக்கூட்டிப் படிப்பவள். செவ்வாய் ஜாதகத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். என் மேஜை டிராயரில் சிரஞ்சீவியின் தாளைப் பார்த்ததும், மகன் நல்ல ஜோசியராகப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்கியிருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். தரகர் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள்.

தோட்டக்காரர் தமது ஜோசியரிடம் காட்டினார். சூழ்ச்சியைச் சூரியன் என்றும், புத்தியைப் புதன் என்றும், சண்டையைச் சனி என்றும் அவர் வாசித்தார். புதன் சூரியனை விட்டு அத்தனை தூரம் போகவே போகாதாம். எங்கள் வானத்தில் போயிருந்தது, அவர் கவனிக்கவில்லை. சிரஞ்சீவி பரம ஏழை, செல்வம் மூன்று. அந்த ஏழ்மையால் 'செ' மூன்றாம் கட்டத்தில் விழுந்து செவ்வாய் தோஷமே இல்லாமல் போயிற்று. லட்சணம் ஒன்று. முதல் கட்டத்தில் 'ல' இருந்ததால் மேஷ லக்னம், ஆள் ராஜகளையாக இருப்பான் என்றார். எட்டுப் பொருத்தம். ஆயுள் எண்பத்துநாலு.

"பொண்ணு வீட்டுல சம்மதம்னு சொல்லிவிட்டாகப்பா," என்று ஆத்தா சர்க்கரையோடு வந்து நின்றாள். எந்த ஜாதகத்துக்குச் சம்மதம் என்று விசாரித்துவிட்டு டிராயரைத் திறந்தேன். சிரஞ்சீவியைக் காணோம்.

மறைத்துக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. மீட்டர் ஓடாமல் பில் ஓடியதையே கண்டுபிடித்தவள், இதைக் கண்டுபிடிக்க மாட்டாளா? தோட்டத்துக்கே போய்ப் பந்தலடியில் அவள் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். இது விளையாட்டு, இப்படி ஓர் ஆளே இல்லை, இதுதான் என் ஜாதகம் என்று நிஜத் தாளைக் கொடுத்தேன். பக்கத்தில் திராட்சைக் குலை வெட்டிக்கொண்டிருந்த அவள் கத்தரி கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றது.

ஜோசியர் நிஜத் தாளைத் தொட்டதும் தூக்கி எறிந்தார். எட்டில் செவ்வாய், பெண்ணுக்கு ஆகாது. அடுத்த நாள் சாயங்காலம் நாங்கள் மூவரும் அச்சகத்தில் இருந்தபோது தோட்டக்காரர் என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். கையில் சிரஞ்சீவியின் தாள்.

"தம்பி, உங்க ஜாதகம் வேண்டாம். இந்தப் பையன் யாரு? அதை மட்டும் சொல்லிருங்க."

"அப்படி யாருமே இல்லைங்கய்யா."

"ஆளு இல்லாம ஜாதகம் எங்கன இருந்து வந்துச்சு?" அவர் முதலாளியைப் பார்த்தார். "நாப்பது வருசமா கமிஷன் கடைக்கு நான் பழம் போடுறேன். நல்ல சரக்கை உள்ள வச்சுக்கிட்டுச் சொத்தையை முன்னால காட்டுறது எனக்குத் தெரியாதா?"

சொத்தை என்பது நான்தான். அவர் போனபிறகு மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். சிரஞ்சீவி இருக்கும்வரை எனக்கு அந்தப் பெண் கிடையாது.

"மாப்ளே, அவன் செத்துட்டான்னு சொல்லிருவோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காக. நாம ஒண்ணுதான் சொல்றோம்," என்றார் முதலாளி.

"நான் பொய் சொல்ல மாட்டேன்," என்றார் அச்சகக்காரர். "அவன் செத்தா, செத்துட்டான்னு சொல்லுவேன். அதுக்கு அவன் சாகணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை சிரஞ்சீவியைக் கொல்ல உட்கார்ந்தோம். இரண்டு வருஷமாக இரண்டும் மூன்றுமாகவே விழுந்து என் மானத்தை வாங்கிய கட்டை அன்றைக்குப் புத்திமாறியது. அவனைத் தனியாகக் கரடிக் குகைக்குள் அனுப்பினேன். பன்னிரண்டு. கரடி ஓடிவிட்டது. மலையிலிருந்து குதிக்க வைத்தேன். மறுபடி பன்னிரண்டு. மரக்கிளையில் தொங்கிக்கொண்டு சிரித்தான், முழங்காலில் சிராய்ப்பு மட்டும். பூதத்தைப் போய்க் கன்னத்தில் அறை என்றேன். அவன் தைரியத்தை மெச்சிப் பூதம் அவனுக்குச் சேவகம் செய்வதாகச் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றார் முதலாளி. அவருடைய பாத்திரம் ஒரு வைத்தியர். "அந்தச் சிராய்ப்புக்கு நான் மருந்து போடுறேன்."

உருட்டினார். தாயம். பழக்கதோஷத்தில் கைதட்டினார்.

கரடியாலும் பூதத்தாலும் ஆகாததை வைத்தியர் முடித்துவிட்டார். நான் கட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் துக்கமாக இருந்தது. ஆபீசில் ஒரு மேலதிகாரியை நிமிர்ந்து பார்க்கத் துணியாத நான், அவனாக இருந்துதான் ஓர் அரண்மனைக்குள் புகுந்து வந்திருக்கிறேன்.

அச்சகக்காரர் நேரே தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அய்யா, அந்தச் சிரஞ்சீவி தவறிட்டாரு. என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு."

தோட்டக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "என்ன செஞ்சுச்சு?"

"வைத்தியம் ஒத்துக்கலை."

"வயசுப் பையன்," என்றார் அவர். செத்தவர் ஜாதகம் வீட்டில் இருக்கக்கூடாது என்று அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். வாய்க்காலில் விடப் புறப்பட்டார். அப்போதுதான் வீட்டு வாசலில் நின்ற மகள் பேசினாள். அன்றைக்குப் பந்தலடியில் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தவள் அவள்.

"ஏம்ப்பா, அவுகளுக்கு ஆயுசு எண்பத்துநாலுன்னு ஜோசியர் சொன்னாரே. ஆளு எப்படிப் போனாக?"

அவர் நின்றார். கையிலிருந்த கிழிசலைப் பார்த்தார். பிறகு வாய்க்காலுக்குப் போகாமல் ஜோசியர் வீட்டுக்குப் போனார். பிறந்த நேரம் தப்பாக இருக்கும் என்று ஜோசியர் சாதித்தாராம். பிறக்கவே இல்லை என்பது ஒன்றுதான் அதில் தப்பு. தோட்டக்காரர் திரும்பிவந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டுல செவ்வாய் ஆகாதுன்னு சொன்னதும் அந்தாளுதானே, தம்பி? ஆத்தாவைக் கூட்டிட்டு வாங்க. பேசுவோம்."

கல்யாணம் நடந்தது. செவ்வாய் இன்றுவரை எட்டிலேயே இருக்கிறது, யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சிரஞ்சீவி விட்டபாடில்லை. உயரத்தில் இருக்கும் ஊறுகாய் ஜாடியை எடுத்துத் தரச் சொல்லி, நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காவிட்டால், என் மனைவி பெருமூச்சு விடுவாள்.

"மொதல்ல பேசுனவுகளுக்கு எட்டுப் பொருத்தம். நல்ல மனுசன். இருந்திருந்தா இந்நேரம் எடுத்துக் குடுத்திருப்பாக."

"அவன் திருடன். லட்சணம் ஒண்ணு."

"செத்தவுகளைக் குறை சொல்லாதீக," என்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் எழுந்துபோய் ஜாடியை எடுத்துக் கொடுப்பேன்.