வில்ஃப் சொன்ன 'ஒருவேளை'

வில்ஃப் மாஸ்லன் மரத்தைத் தொட்டாலே போதும், அது எங்கே விரியும், எங்கே அடம்பிடிக்கும் என்று சொல்லிவிடுவான். அவன் இழைத்த கதவு மழைக்காலத்திலும் சிக்காது. அப்படி ஒரு கை அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் மனிதர்களிடம் எதையும் நேராகச் சொல்ல மட்டும் அவனுக்கு வராது.

அதற்காக அவனை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷர் மாவட்டத்து அந்த ஊரில் கூரை பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவை மெல்லத் தட்டி, "கொஞ்சம் புகையுது போலிருக்கு" என்றுதான் சொல்வார். அநேகமாக, ஒருவேளை என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்காமல் அங்கே பேச்சே கிளம்பாது. கேட்பவரை நெருக்கக் கூடாது, சொன்னவரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதுதான் மரியாதை.

ஆலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தவர் இறந்தபோது, ஆலயக் காரியங்களைப் பார்க்கும் போக்காக், வில்ஃப் கூலிக்கு வேலை பார்த்த தச்சுப் பட்டறைக்கு வந்தார். வில்ஃப் அம்மாவிடம் கொஞ்சம் வாசிக்கப் பழகியிருந்தான். வேறு ஆள் கிடைக்கும்வரை வாசிப்பாயா என்று கேட்டார். யோசித்துச் சொல்லலாம் என்ற எண்ணத்தில், "ஒருவேளை, கொஞ்ச நாளைக்கு" என்றான் வில்ஃப். போக்காக் அவன் தோளைத் தட்டிவிட்டு, ஆர்கன் அறைச் சாவியை இழைப்புப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு வருடம் ஓடிவிட்டது. வேறு ஆளை யாரும் தேடவேயில்லை. கல்யாணம், அடக்கம், பாடகர் பயிற்சி, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை எல்லாவற்றுக்கும் அவன்தான். எங்காவது போய் இரண்டு நாள் தங்கிவரக்கூட அவனுக்கு வழியில்லை.

அவனுக்குப் பிடித்தது படகு. ஒருமுறை ஓர் அலமாரியைக் கொடுக்க பிரிக்ஸம் துறைமுகத்துக்குப் போனவன், பாதி முடிந்த மீன்பிடிப் படகு ஒன்றின் முன் வாய் பிளந்து நின்றுவிட்டான். படகுப் பட்டறைக்காரர் லஸ்கம் அவன் கொண்டுபோன அலமாரியின் மூட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த இலையுதிர்காலத்தில் வில்ஃபின் பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்து, தன் பட்டறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்.

"அநேகமா முடியும்னு நினைக்கிறேங்க. ஒருவேளை வரலாம்" என்றான் வில்ஃப். லஸ்கம், "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உளிகளுக்கு எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினான். அக்கா எனிட் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்னு சொன்னியா, வரலாம்னு சொன்னியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"போக்காக்குக்கு ஒண்ணு. எல்லாருக்கும் ஒண்ணுன்னு யாருடா சொன்னா?"

மறுநாளே அவனைத் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு விரட்டினாள். நேற்று சொன்னதற்கு வருகிறேன் என்றுதான் அர்த்தம் என்று அவன் லஸ்கமிடம் விளக்கினான்.

"அடடா, நீ தட்டிக் கழிக்கிறேன்னுல்ல நெனச்சேன்" என்றார் லஸ்கம். "வேண்டாங்கிறதைக்கூட எவ்வளவு பதவிசாச் சொல்றான் பாருன்னு வீட்டுல சொன்னேன். இன்னைக்குக் காலையிலதான் வேற ஒருத்தனை எடுத்தேன். வருத்தம் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

திரும்பி நடக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்தவர் சுமையை நம் தலையில் ஏற்றும்போது 'ஒருவேளை' என்றால் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ஆசைப்பட்டதற்குக் கை நீட்டி அதையே சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் அவனே ஆணி அடித்துக்கொண்ட பெட்டிக்குள் அவன் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போக்காக் வந்து, அடுத்த வருடமும் அநேகமாக அவனுக்குச் சிரமம் இருக்காது என்று நினைப்பதாகச் சொன்னார்.

"மாட்டேன்" என்றான் வில்ஃப்.

வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துப் போக்காக் சிரித்தபடி காத்திருந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வாசிக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

போக்காக் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார், காய்ச்சலா என்பதுபோல. சாயங்காலம் அவர் மனைவி இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பெரிய அப்பத்தோடு வாசலில் நின்றாள். வில்ஃபுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே, தேறியதும் பழையபடி வாசிக்கட்டும் என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அவன் சொன்னது சொன்னதுதான் என்றாள் எனிட். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தெம்பில் திங்கட்கிழமை வில்ஃப் மறுபடி கூண்டுக்குள் நுழைந்தான். வரும்போதே வாக்கியத்தை மனதுக்குள் இழைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அந்த ஆள் நிக்கலைன்னா நான் வர்றேங்க. வரலாம் இல்லை. வர்றேன்."

இப்படிப் பேசும் ஆளை லஸ்கம் அதிகம் பார்த்ததில்லை போலும்.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார். "அநேகமா கூப்பிடுவேன்."

வைத்துவிட்டார். வெளியே ஒரு பெண்மணி மழையில் நின்றபடி, அவசரமொன்றும் இல்லை என்பதுபோல் கண்ணாடி வழியே புன்னகைத்தாள். வில்ஃப் கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுமையா, ஆசையா? அவர் பக்கத்தில் அது எதுவாக இருக்கும்?

வீட்டில் எனிட் கேட்டாள். "என்ன சொன்னார்?"

"அநேகமா கூப்பிடுவாராம்."

எனிட் மீதி அப்பத்தை வெட்டி, பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

துணியில் சுற்றிய உளிகளை அவன் பிரிக்கவில்லை. பட்டறை வேலைக்கு முதலாளியின் மழுங்கிய உளியையே எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போய் ஆர்கன் முன் உட்கார்ந்தான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தது.