கடைசி அகப்பைக் கஞ்சி

காலை எட்டு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினோம். நானும் என் வீட்டுக்காரி செல்வியும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நான். சாத்தான்குளத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போகிறோம்.

உடன்குடியில் பஸ் மாறினோம். சாப்பிட நேரமில்லை. செல்வி சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாள். "போய்ச் சாப்பிட்டுக்கிடலாம்" என்றாள்.

ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செம்மண், பனை. கடை கிடையாது. செல்விக்கு வேர்த்தது. கை நடுங்கியது. கேட்டதற்கு வாய் குழறியது.

"அண்ணாச்சி, அங்கன கல்மடம் தெரியுதுல்லா? கஞ்சி ஊத்துவாவ. வெரசாக் கூட்டிட்டுப் போரும்" என்றார் கண்டக்டர்.

தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். மடத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாள் எங்களிடம் பேர், ஊர் எதுவும் கேட்கவில்லை. முதலில் கருப்பட்டித் துண்டை செல்வி வாயில் வைத்தாள். பானையில் ஓர் அகப்பைக் கஞ்சிதான் கிடந்தது. அதையும் ஊற்றினாள்.

"மெல்லக் குடிங்க மைனி."

கொஞ்ச நேரத்தில் செல்விக்கு முகம் தெளிந்தது. "ஏன் இப்படி முழிக்கிய?" என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

பேச்சியம்மாள் சொன்னாள்: "அந்தக் காலத்துல குலசைக் கடக்கரையிலேருந்து கருவாட்டுக் கூடையோட பொம்பளைய இந்த வழியாத்தான் நடப்பாவளாம். பசியில விழுந்து கெடந்தவளும் உண்டாம். முத்து யாவாரி ஒருத்தர் மடத்தக் கட்டி, பனங்காட்டையும் எழுதி வச்சாரு. மழை இல்லாத வருசம் சுத்துப்பட்டு ஏழையெல்லாம் இங்கனதான் உசுரு பொழச்சிருக்கு. இப்பமும் அந்தப் பனை வருமானத்துலதான் அரிசி."

சட்டைப்பையில் கைவிட்டேன்.

"அத உள்ள வையும் அண்ணாச்சி. கடைசி அகப்பை குடிச்சவுக அடுத்த பானைய ஏத்தணும். அதான் இங்கன முறை. மைனிக்கு முடியாது. நீரு ஏத்தும்."

தண்ணீர் இறைத்தேன். நொய்யரிசி கழுவிப் போட்டேன். பனைமட்டை நன்றாக எரிந்தது. ஆனால் எனக்குக் கிண்டத் தெரியவில்லை. அடி பிடித்த வாடை வந்தது.

"கிண்டும்வே. கப்பல் வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கீரு" என்றாள் பேச்சியம்மாள். என் துறைமுக வேலை அவளுக்குத் தெரியாது. செல்வி சிரித்துவிட்டாள்.

அதற்குள் மாற்று பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் மடத்து வாசலுக்கே வந்தார்.

"வாரும் அண்ணாச்சி. இத விட்டா மூணு மணிக்குத்தான் வண்டி."

"போறதுன்னா போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

செல்வியைப் பார்த்தேன். "வேகட்டும்" என்றாள். பஸ் போய்விட்டது.

கஞ்சி இறக்கியபோது விறகு பொறுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். விறகுக் கட்டை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். செல்வி எழுந்து அவளுக்கு ஊற்றினாள்.

"அடி பிடிச்சிருக்கே?" என்றாள் அவள்.

"இவுக வச்சது."

"கெடக்கட்டும்" என்று கும்பாவை மறுபடியும் நீட்டினாள்.

மூன்று மணி பஸ்ஸில் செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மூச்சு சீராக இருந்தது. அந்த முத்து வியாபாரி பேர் பேச்சியம்மாளுக்கும் தெரியவில்லை. தெரிந்தால் இங்கே எழுதியிருப்பேன். துறைமுகத்தில் எவ்வளவோ அரிசி மூட்டை தூக்கியிருக்கிறேன். யார் சாப்பிட்டார்கள் என்று பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.