அண்ணன் தம்பிக்கு ஒரு குடையா?

எண்பத்தாறாம் ஆண்டு, ஆடி மாதத்தின் முதல் ஞாயிறு. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம், ஒரு தங்கும் விடுதியின் முன்பிருந்த திடலில், மாலை ஐந்து மணிக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒலிபெருக்கியின் முன் நின்றேன். அப்போது முதுகலைத் தமிழ் இலக்கியம் பயின்றுகொண்டிருந்தேன். வீட்டில்கூடச் சேர்ந்தாற்போல நான்கு சொற்கள் பேசாதவள் நான். அந்த மேடைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் எழுத்துப் பிழை.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரரை ஊரே ‘ரேடியோ அண்ணாச்சி’ என்றுதான் அழைக்கும். கடையின் மாடியில் அவரும், செங்கோட்டையிலிருந்து வந்த, மலையாளம் கலந்து பேசும் ஒரு பாடகரும் சேர்ந்து வாழ்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாச்சிக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் திரண்டு வந்தபோது, அவர் பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைக்காமலேயே, “எனக்கு ஆள் இருக்கு. மாடியில ஆர்மோனியம் வாசிச்சிட்டு இருக்கான், கேக்குதா?” என்றாராம். கேட்டிருக்கிறது, தெருவுக்கே கேட்டிருக்கிறது. ஓராண்டு ஊர் வேறெதையும் பேசவில்லை. பிறகு ரேடியோ கெட்டுப்போன வீடுகள் ஒவ்வொன்றாக அவரிடமே திரும்பி வந்தன. எனக்கு விவரம் தெரிந்த நாளில், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் வைத்தார்கள். ‘அவுக ரெண்டு பேரும்’ என்று சொன்னால் எங்கள் தெருவில் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இருவரும் நடத்தியது ஒரு மெல்லிசைக் குழு. தொடங்கியபோது அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். பேனரில் ‘9 கலைஞர்கள்’ என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. பிறகு, வளைகுடாவிலிருந்து திரும்பிய புனலூர்க்காரர் ஒருவரிடமிருந்து, கம்பளியில் சுற்றி ரயிலில் ஒரு மின்னிசைப் பெட்டி வந்து இறங்கியது. அதில் புல்லாங்குழலுக்கு ஒரு பொத்தான் இருந்தது. புல்லாங்குழல்காரர் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வயலினுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. தபேலாக்காரர் மட்டும் பெட்டியோடு ஒரு மாதம் போராடினார். “அது டீ குடிக்காது, வெத்தல போடாது, அதுகூட நான் எப்படிவே வாசிக்க?” என்று கேட்டுவிட்டு அவரும் விலகினார். பாங்கோஸ் வாசித்தவர் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி ஏலம் விடப் போனார். அங்கே அவருக்கு மைக் தேவைப்படவில்லை. பாடகி கல்யாணமாகிச் சுரண்டைக்குப் போனார். கடைசியில் அறிவிப்பாளரும் போனார். ஒவ்வொரு முறையும் பேனரில் எண்ணை மாற்றி எழுதி எழுதி, அந்த இடத்தில் துணியே பலகைபோலத் தடித்துவிட்டது. எஞ்சியது 2.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு ரேடியோவை வாங்கிவர நான் கடைக்குப் போனேன். சுவரில் ஒரு கையெழுத்து அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதில் ‘மெள்ளிசை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் திரும்ப முடியவில்லை. “அண்ணாச்சி, அது ‘மெல்லிசை’. இந்த ‘ல்’ வரணும்” என்றேன்.

அண்ணாச்சி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏலே, நமக்கு அறிவிப்பாளர் கிடைச்சாச்சு!”

நான் மறுத்தது என் குரல் மெலிவாக இருந்ததால் அவர் காதில் விழவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். “நீயா? உன்ட்ட இன்னொரு தோசை வேணுமான்னு கேட்டாலே தலையத்தான் ஆட்டுவ. மைக்கு முன்னாலயும் தலைய ஆட்டிட்டு வந்திராத.”

அந்த ஞாயிறு அவர்களுக்கு ஒரு சோதனை நாள். அன்றைய கச்சேரி விடுதி முதலாளிக்குப் பிடித்திருந்தால், சீசன் முடியும்வரை எல்லா ஞாயிறும் அவர்களுக்கு. இல்லையென்றால் திருநெல்வேலியிலிருந்து பதினைந்து பேர் கொண்ட குழு வந்துவிடும். “இதுவும் இல்லன்னா, பெட்டிய மூடிட்டு ரேடியோ மட்டும் பாக்க வேண்டியதுதான்” என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, பாடகரைப் பார்த்தார்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, இருவரும் புனலூர் போயிருந்த நேரத்தில், முதலாளி கடைக்கு வந்து, அங்கே அறிவிப்புகளை அட்டையில் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் குறைபட்டுக்கொண்டார். “ரெண்டு கலைஞர்னு போட்டா எவன்மா வருவான்? பிரதர்ஸ்னு போட்டுருவோமா? கனமா இருக்கும்லா?”

என் அறிவிப்பு அட்டைகளில் நானும் அந்த இடத்தில்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன். ‘நண்பர்கள்’ என்றால் குறைவு. ‘கூட்டாளிகள்’ என்றால் வியாபாரம். ‘இணையர்’ என்று எழுதி, எனக்கே முகம் சிவந்து, அடித்துவிட்டேன். ‘சகோதரர்கள்’ கௌரவமான சொல்; யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். “நல்லது, போடுங்கள்” என்றேன்.

திடலில், ‘2 கலைஞர்கள்’ இருந்த இடத்தில் ‘இசைச் சகோதரர்கள்’ என்று எழுதியிருந்த பேனரைப் பார்த்ததும் பாடகர் நின்றுவிட்டார். “இனி உன்ன அண்ணான்னு விளிக்கணுமோ?” என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

“விளிச்சுப் பாரு. ராத்திரி சோறு கிடையாது.”

இருவரும் சிரித்தார்கள். ஆகவே அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நான் முடிவுசெய்தேன். இலக்கியம் படித்தவளுக்குச் சிரிப்பைப் பொருள்கொள்ளத் தெரியவில்லை.

கச்சேரி தொடங்கியது. சாரல் விழுந்தது. அண்ணாச்சி பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தும் ஈரம் உள்ளே இறங்கி, ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. ‘ம்ம்ம்’ என்று ஒரே சுரம், நிறுத்தாமல். “போகட்டும், சுருதிப்பெட்டி மிச்சம்” என்றார் பாடகர். நான்காவது பாட்டு அவர்களே மெட்டமைத்த ஜோடிப் பாட்டு. பாடகி போன பிறகு பெண் குரலை யாரும் போலி செய்யவில்லை. இருவரும் தம் குரலிலேயே பாடுவார்கள். ஒருவர், மழை வருகிறதே, குடை கொண்டுவந்தாயா என்று கேட்பார். மற்றவர், ஒரே குடைதான் கொண்டுவந்தேன், வேண்டுமென்றே, என்பார்.

நான் தெளிவான உச்சரிப்பில் அறிவித்தேன்: “அடுத்து, இசைச் சகோதரர்கள் இருவரும் இணைந்து வழங்கும் காதற்பாடல்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. அதற்குள் அவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். குடை விரிந்தது. ஒருவர் தோளில் மற்றவர் சாய்கிற வரி வந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் மங்குஸ்தான் விற்கிற ஓர் அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கத்தினார்: “ஏட்டி மைக்கு! அண்ணன் தம்பிக்கு ஒரு குடையா? எங்க வீட்டுல அண்ணனும் தம்பியும் ஒரு கிணத்துல தண்ணி கோர மாட்டானுவ!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து, “கூடப் பிறந்தவங்க பாடுற பாட்டா சார் இது? அசிங்கமா இல்ல?” என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணாச்சி கட்டைகளிலிருந்து கையை எடுத்தார், பாட்டு நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. ‘ம்ம்ம்’ என்று அது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் அசிங்கம் எதுவும் இல்லை. அதைக் கொண்டுவந்து வைத்தது என் கௌரவமான சொல். மேடையின் பலகை இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட முடியுமா என்று பார்த்தேன். இடுக்கு சிறிது.

அண்ணாச்சி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “அண்ணன் தம்பின்னா இதுக்குள்ள பாகம் பிரிச்சு, நடுவுல சுவர் வச்சு, இந்தப் பெட்டியையும் ரெண்டா அறுத்திருப்போம். நாங்க அண்ணன் தம்பி இல்ல. பதினாறு வருசமா ஒரே அடுப்பு, ஒரே வீடு. ஊருக்குத் தெரியும்.”

மங்குஸ்தான் அம்மாள், “அப்படிச் சொல்லும்! அப்போ குடை சரிதான், பாடும்” என்றார். வெளியூர்க்காரர் பக்கம் திரும்பி, “நீரு இரும்வே, மறைக்குது” என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாடகர் மைக்கை என்னிடம் நீட்டினார். “மோளே, நீதானே சொன்ன. நீயே மாத்திச் சொல்லு. முதல்லேருந்து பாடுதோம்.”

அட்டைகளைப் புரட்டினேன். அவற்றில் அடித்த சொற்களைத் தவிர வேறில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தில் ஐந்தாண்டு நீந்தியவளுக்கு ஒரு சொல் அகப்படவில்லை. என் வாயிலிருந்து வந்தது எங்கள் தெரு.

“அதே பாட்டுதான். பாடுதது... அவுக ரெண்டு பேரும்.”

தென்காசியிலிருந்து வந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும்.

கச்சேரி முடிந்ததும் முதலாளி மேடைக்கு வந்தார். “பேனர்ல அந்த வார்த்தைய மொதல்ல அழியும். அடுத்த ஞாயிறு நாலரைக்கே வந்திரும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “வேற குழுவ இறக்கிட்டு அந்த மங்குஸ்தான்காரிட்ட யாருவே பதில் சொல்லுதது?”

நான் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே, “விடும்மா. நான் ‘மெள்ளிசை’ன்னு எழுதுனதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு” என்றார்.

சீசன் முழுவதும் பேனரில் அந்த இடம் வெறும் வெள்ளைத் திட்டாகவே இருந்தது. அடுத்த ஆண்டு, பெட்டி ஈரத்தில் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று கேள்விப்பட்டு, தபேலாக்காரர் வெற்றிலைப் பெட்டியோடு முகமலர்ச்சியாகத் திரும்பி வந்தார். வெள்ளைத் திட்டின்மேல் ‘3’ ஏறியது.

இப்போது நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அழகான, கௌரவமான ஒரு சொல் பேனாவில் வந்து நிற்கும்போதெல்லாம், அதைக் கொண்டுபோய் அந்த மங்குஸ்தான் கூடைக்கு முன்னால் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் இறக்குகிறேன்.